கூப்பிட்டா வர்றவரு

நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு பொய்யின்னாலும், நாளையிலருந்து நான் பறிக்கிற கொழுந்தெல்லாம் முத்துன இலையாப் போகட்டும், நிறுவைக்கு வச்சா என் கூடை மட்டும் காத்தடிச்ச பலூன் மாதிரி மேல ஏறட்டும், அதைப் பார்த்து மேஸ்திரி பல்லைக் காட்டிச் சிரிக்கட்டும், இதுக்கு மேல ஒரு பொம்பள எப்படிச் சத்தியம் பண்ணுவா சொல்லுங்க. லாரி வர இன்னும் நேரமிருக்கு. கூடையைக் கீழ வச்சிட்டு, மூக்கை உறிஞ்சாமக் கேளுங்க.

கோத்தகிரிக்குக் கீழ பனிக்கல் எஸ்டேட்டு, மூணாம் டிவிசன், அதான் எங்க எடம். மூணு வரிசை லைன் வீடு, வரிசைக்குப் பன்னெண்டு, நடுவுல தண்ணிக்குழாய், மேல மாரியம்மன் கோயிலு, கீழ பள்ளம், பள்ளத்தை ஒட்டிச் சோலைக்காடு. நாவப்பழம் பழுக்கிற மாசம், ஒரு புதன்கிழமை காலையில, வேலைக்குப் பேரு எழுதுற எடத்துல நின்னுக்கிட்டு தங்கையா மேஸ்திரி, "நேத்துக் கோயில்ல கரடி பூந்து, விளக்குல ஊத்துன எண்ணெயக் குடிச்சிட்டுப் போயிருக்கு"ன்னு சொன்னாரு. சொன்ன வாயை இன்னும் மூடல, அவரு முதுகுக்குப் பின்னால கரடி நிக்குது.

உறுமல, பாயல. ரேஷன் கடையில பேரு கூப்பிட்டதும் முன்னால வந்து நிக்கிற ஆளு மாதிரி, ரெண்டு கால்ல நிமிந்து, ரெண்டு கையையும் தொங்கப் போட்டுக்கிட்டு, மேஸ்திரி பின்னந்தலையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. மேஸ்திரி திரும்பிப் பார்த்தாரு, கையில இருந்த சோத்துத்தூக்கை அப்படியே நீட்டிட்டாரு, அதுவும் வாங்கிக்கிச்சு. பயத்துல கும்பிட்டு, "போயிட்டு வாங்க சாமி"ன்னாரு. நம்ம சனம் யாரை அனுப்பினாலும் வெறுமனே போன்னு சொல்லுமா? அதுவும் மரியாதையாப் போயிட்டு மத்தியானமே வந்துச்சு, ஏன்னா மத்தியானம் முப்பத்தாறு வீட்லயும் அதே பேச்சு, முப்பத்தாறு வாயிலயும் அதே பேரு.

ஏன் வருது, எப்படிக் காது கேக்குதுன்னு என்னைக் கேக்காதீங்க, எங்க டிவிசன்ல யாரும் கேக்கல. எங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான், வந்தா என்ன பண்றது. அதை எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன் நடுவரிசை சூசை. சவால் விட்டுக்கிட்டு, வீட்டுக்குள்ள இருந்து அந்தப் பேரை மூணு தடவை கத்திட்டு, கதவைத் தாழ்ப்பாப் போட்டுக்கிட்டான். அது வந்துச்சு, வாசல்ல நின்னுச்சு, நின்னுச்சு, நின்னுச்சு, கூப்பிட்டவன் வெளிய வரலேன்னதும் பலகையை அப்பளம் மாதிரி நொறுக்கிட்டு உள்ள போயி ஒரே ஒரு அறை. கன்னத்துல பதினேழு தையல். இன்னைக்கும் அவன் சிரிச்சா பாதி மூஞ்சிதான் சிரிக்கும். அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம், கூப்பிட்டவங்க ஓடக்கூடாது, ஒளியக்கூடாது, எதிர்ல நிக்கணும், நின்னா அது ஒண்ணும் பண்ணாது, மூஞ்சியைப் பார்க்கும், குடுக்கிறதை வாங்கிக்கும், போயிடும். ஆனா அதுக்கு எதிர்ல நிக்கிற காலு எவளுக்குடி இருக்கு?

பாரஸ்ட்டுக்காரங்க கூண்டு கொண்டாந்து பலாப்பழம் வச்சாங்க, அது கூண்டுப் பக்கமே திரும்பல. ஆபீசரு ஜீப்புல உக்காந்துக்கிட்டு மைக்குல "கரடி இன்னும் வரல, ஓவர்"னு சொன்னாரு பாருங்க, பக்கத்து சீட்டு ஜன்னல்ல மூஞ்சி. ஓவர்தான். ஜீப்பு அதோட சரி.

அப்புறம் அந்தப் பேரு எங்க ஊர்ல செத்துப்போச்சு. இஸ்கூல்ல சுவத்துல தொங்குன எழுத்துப் படத்துல 'க'வுக்குப் போட்டிருந்த படத்து மேல டீச்சரம்மா காலண்டர் தாளை ஒட்டிட்டாங்க, டிவியில காட்டு மிருகம் வந்தா எந்திரிச்சு ஓடி அமத்துனோம், பொம்மைக்குக்கூட பேரு சொல்லாம "அந்த மயிரு பொம்மை"ன்னோம். ஆனா ஆபத்தைப் பத்திப் பேசாம எப்படி இருக்கிறது? அதனால பெரியவருன்னு சொன்னோம். இருபது நாளு தாங்குச்சு, இருபத்தோராம் நாளு சாவு வீட்ல "பெரியவரைக் குளிப்பாட்டுங்கப்பா"ன்னு யாரோ சொல்ல, பொணத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுடுச்சு. சரின்னு எண்ணெய்க்காரருன்னு மாத்துனோம், பதினாறு நாளுல அதையும் கத்துக்கிச்சு, அதுக்கப்புறம் கடையில போயி எண்ணெய்னு கேக்க பயந்துக்கிட்டு டின்னை விரலால காட்டுனோம். கருப்புன்னு சொன்னோம், கருப்பும் போச்சு. கம்பளின்னு சொன்னோம், குளிர்ல கம்பளியும் போச்சு. இப்படி ஒவ்வொரு சொல்லா அது தின்னுக்கிட்டே வர, நாங்க ஒவ்வொரு சொல்லா ஊமையாகிக்கிட்டே வர, ஒரு நாளு தண்ணிக்குழாய்ல பதினஞ்சு பொம்பளைங்க குடத்தோட நின்னு ஒருத்தியும் வாயைத் திறக்கல. எங்க டிவிசன்ல!

அந்த நேரத்துலதான் பங்களாவுக்கு ஒரு வெள்ளக்காரம்மா வந்து தங்குனாங்க. பேரு யுர்கித்தா, சொல்லிப் பார்த்தோம், வாய் நோகுது, கீதான்னு வச்சுக்கிட்டோம். லித்துவேனியான்னு ஒரு தேசமாம். மலைக்காட்டு சனங்க எந்த மிருகத்துக்கு என்ன பேரு சொல்றாங்கன்னு நோட்டுல எழுதுறதுதான் அவங்க வேலை, அதுக்குச் சம்பளமும் உண்டாம், நம்ம தலையெழுத்துக்குக் கொழுந்து பறிக்கிறோம். தமிழு பேசுவாங்க, ஆனா ரேடியோ நியூஸ் மாதிரி பேசுவாங்க.

அவங்க தங்கையா மேஸ்திரிகிட்ட வந்து, பெரிய படம் ஒண்ணை விரிச்சு, "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?"னு கேட்டாங்க. மேஸ்திரி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாரு. கூட இருந்த நாங்க எல்லாரும் பொத்திக்கிட்டோம். அப்புறம் சைகையிலயும் சொல்லுலயுமா விசயத்தைச் சொன்னோம். சிரிப்பாங்கன்னு பார்த்தா அந்தம்மா மூஞ்சி இன்னும் வெளுத்துப் போச்சு.

"எங்கள் பக்கத்திலும் இப்படித்தான் பயந்திருக்கிறார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் வருடம் இருக்கும்"னாங்க.

"அங்கயும் கூப்பிட்டா வருமா?"ன்னு மேஸ்திரி.

"வரும் என்று நம்பினார்கள். அதனால் பெயரை ஒளித்து வைத்தார்கள்."

அவங்க சொன்னதை நான் என் வாயில சொல்றேன், அவங்க வாயில சொன்னா உங்களுக்குத் தூக்கம் வந்துடும். அந்தப் பக்கத்துப் பாஷைங்க முக்காவாசி ஒரே ஆத்தா வயித்துப் பிள்ளைகளாம். ஆத்தா காலத்துல அந்த மிருகத்துக்கு ஒரே பேருதான் இருந்துச்சாம். வடக்க, காடும் குளிரும் இருக்கிற பக்கம் போன பிள்ளைங்களுக்கு அதைச் சொல்ல பயம். ஜெர்மனிக்காரன், ஸ்வீடன்காரன் எல்லாம் பழுப்பன்னு சொல்லிட்டான். ரஷ்யாக்காரன் தேன் தின்னின்னு சொல்லிட்டான். அயர்லாந்துன்னு ஒரு தீவாம், அங்க நல்ல கன்னுக்குட்டின்னு சொன்னாங்களாம்.

"நாங்க நல்ல பாம்புன்னு சொல்றாப்ல!"ன்னு மேஸ்திரி துள்ளிட்டாரு. கீதாம்மா அதை வெடுக்குனு நோட்டுல எழுதுனாங்க.

"உங்க ஊர்ல என்னம்மா சொன்னீங்க?"ன்னு கேட்டது ராக்கம்மா மதினி. எங்க தவசியாண்டி அண்ணன் பொண்டாட்டி, கீழ்வரிசையில எனக்குப் பக்கத்து வீடு. இந்தக் கதையே அவளோடதுதான், மூஞ்சியை ஞாபகம் வச்சுக்குங்க.

"நக்குபவன் என்று சிலர் பொருள் சொல்கிறார்கள். உறுதியாகத் தெரியாது. தெற்கே கிரேக்கர், இத்தாலியர், ஸ்பெயின்காரர் மட்டும் பழைய பெயரை விடவில்லை. எங்கள் வாயிலிருந்து அது போயே போய்விட்டது."

"திரும்ப வரவே இல்லையா?"

"பயந்து பயந்து சொல்லாமல் விட்ட பெயர், அம்மா. பிறகு தேடினால் எங்கே இருக்கும்?"

மதினி முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டா.

நாங்க அன்னைக்கே கூட்டம் போட்டு, வரிசைக்கு ஒரு வெளிநாட்டுப் பேரு எடுத்துக்கிட்டோம். மேல்வரிசைக்கு ஸ்வீடன் பேரு, பியோர்னு. நடுவரிசைக்கு ரஷ்யாப் பேரு, மெத்வேது. எங்க வரிசைக்குக் கீதாம்மா ஊர்ப் பேரு, லோகிஸு. கேக்கணுமே! "ஏக்கா, மெத்வேது உங்க பக்கம் வந்துச்சா?" "இல்லடி, பியோர்னைத்தான் மேல பார்த்தாங்களாம்." ஏதோ பங்களா நாய்ங்களைப் பத்திப் பேசுற மாதிரி இருந்துச்சு. பியோர்னு பதினோரு நாளு தாங்குச்சு. மெத்வேது எட்டு. லோகிஸு அஞ்சே நாளு. அஞ்சாம் நாளு காலையில கீதாம்மா பங்களா வாசல்ல போன்ல அவங்க அம்மாகிட்ட இந்தப் பேரையும் சேர்த்து ஏதோ சொல்ல, எதிர்ல வந்து நின்னுச்சாம். அந்தம்மா ஓடல. கையில இருந்த ரொட்டியைக் குடுத்தாங்களாம். "இந்தப் பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே ஒளிந்து ஒளிந்து தேய்ந்தவை. இங்கே அதிக நாள் தாங்காது"ன்னு எங்ககிட்ட மன்னிப்புக் கேக்குற மாதிரி சொன்னாங்க.

சொல்லெல்லாம் தீந்துபோச்சு. இப்ப என்ன பண்ணுவோம் சொல்லுங்க. உலகத்துல வேற எந்தப் பொம்பளையும் பண்ணாத தப்பை நாங்க பண்ணுனோம், பண்ணுறோம்னே தெரியாம பண்ணுனோம். பேரைச் சொல்லக்கூடாத ஆளு ஒருத்தன் ஏற்கெனவே நம்ம வீட்ல இருக்கான் இல்ல? அவனை எப்படிச் சொல்லுவோமோ அப்படியே இதையும் சொல்ல ஆரம்பிச்சோம். அவரு. இவுக. "அவரு நேத்துப் பள்ளத்துல தெரிஞ்சாராம்." "எவரு, வீட்டு அவரா, காட்டு அவரா?" "வீட்டு அவரு பிராந்திக்கடையிலதானடி தெரிவாரு!" ஒரு வாரம் சிரிச்சோம். பல நாளைக்கப்புறம் குழாயடியில சிரிப்புச் சத்தம். சிரிச்ச வாயி அப்படியே ஒட்டிக்கிற மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துச்சு.

ராக்கம்மா மதினி சோத்தை வடிச்சு வச்சிட்டு, வாசப்படியில நின்னு, "ஏங்க, சாப்பிட வாங்க"ன்னா. பின்வாசல் வழியா தவசியாண்டி அண்ணன் கையைத் தொடச்சுக்கிட்டு வந்தாரு. முன்வாசல் வழியா அது வந்துச்சு. ரெண்டும் வந்து நிக்குது, நடுவுல ஒரு தட்டு. அண்ணன் குரலைத் தாழ்த்தி, "ஏ புள்ள, நீ எங்கள்ல யாரைக் கூப்பிட்ட?"ன்னாரு. மதினி ஓடல. தட்டை எடுத்து அதுக்கு முன்னால வச்சா, அது கொழம்பையும் சேர்த்து வழிச்சுத் தின்னுட்டு, அண்ணனை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுச்சு. அண்ணன் அன்னைக்குப் பட்டினி.

அன்னைக்கோட முப்பத்தாறு வீட்லயும் ஏங்கன்னு கூப்பிடுறது நின்னுபோச்சு. புருசனைக் கூப்பிடணும்னா தட்டைத் தட்டுறது, கையைத் தட்டுறது, இருமுறது. சில பேரு, நானும்தான், ரெண்டு நாளு பல்லைக் கடிச்சிட்டு மூணாம் நாளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம், ஒண்ணும் ஆகல, எங்காளு ஒரு மாதிரி வெக்கப்பட்டான். ராக்கம்மா மதினி மட்டும் முடியவே முடியாதுன்னுட்டா. அவ கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. தவசிக்கீரைன்னு ஒரு கீரை இருக்கில்ல, அதைக்கூட "அந்தக் கீரை குடுங்க"ன்னுதான் வாங்குவா. பழனிக்குப் போற சனம் ஆண்டிக்கு அரோகரான்னு கத்துனா இவ வெறும் அரோகரா. சிரிக்காதீங்கடி. அவ ஆத்தா ஒரு தடவை ஆபீசுல கேட்டாங்கன்னு அவ அப்பன் பேரை வாய்விட்டுச் சொல்லிட்டு வந்துச்சு, அந்த வாரமே சவுக்கு மரம் விழுந்து அந்த மனுசன் போய்ச் சேர்ந்தாரு. அப்ப மதினிக்கு ஒன்பது வயசு. அப்பன் மேல மரத்தைத் தள்ளுனது ஆத்தா நாக்குதான்னு அவ நெஞ்சுல எழுதி வச்சிருக்கு.

"தட்டைத் தட்டித் தட்டி என்னை நாயாக்கிட்டா தங்கச்சி, பேரைச் சொன்னாத்தான் என்னவாம்?"னு அண்ணன் எங்கிட்ட புலம்புவாரு.

"உங்க ஆயுசைக் கொறைக்கிறதுக்கு என் வாயி என்ன வெட்டுக்கத்தியா?"ன்னு மதினி உள்ள இருந்து கத்துவா.

ஐப்பசி மாசம். வேலையில்லாத ஒரு நாளு காலையில அண்ணன் விறகுக்குப் போனாரு. மேல காட்டுக்குப் போறேன்னு ஊருக்கே சொல்லிட்டுப் போனாரு. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பனி எறங்குச்சு, எப்படிப்பட்ட பனின்னா, கையை நீட்டுனா முழங்கைக்கு அந்தப்பக்கம் கை இல்ல. மூணு மணி. ஆளு வரல. தங்கையா மேஸ்திரி ஆம்பளைங்களையும் பாரஸ்ட்டு கார்டையும் கூட்டிக்கிட்டு மேல போனாரு. அவங்க சத்தம் மேல ஏறி மறையற வரைக்கும் மதினி பேசாம நின்னா. அப்புறம் எங்கையைப் பிடிச்சா, அவ கை பனியை விட ஜில்லுன்னு இருந்துச்சு.

"மேல போறேன்னு சொல்லிட்டுக் கீழதான் போவாரு. காஞ்ச கட்டை பள்ளத்துலதான் கெடக்கு, கார்டுக்குத் தெரியக்கூடாதுன்னு பொய் சொல்லுவாரு. நீ வா எங்கூட."

பள்ளத்து விளிம்பு வரைக்கும் தேயிலைச் செடியைத் தடவித் தடவிப் போனோம். கீழ ஒண்ணும் தெரியல, பால் ஊத்துன சட்டி மாதிரி வெள்ளையா இருக்கு. நான் "அண்ணே!"ன்னு கூப்பிட்டேன். சத்தமில்ல. "அண்ணே, தவசியாண்டி அண்ணே!" சத்தமில்ல. மூணாந்தடவைக்கு மூச்சை இழுத்தேன் பாருங்க, அப்பக் கேட்டுச்சு. ஹூம், ஹூம், ஹூம்னு, மோந்து பார்க்கிற சத்தம். பெரிய மூக்கு. அதுக்குக் கீழ, சின்னதா, மனுசன் முனகி அடக்குன சத்தம்.

புரிஞ்சுதா? ஆளு உயிரோட இருக்காரு, எந்திரிக்க முடியாமக் கெடக்காரு, அது அவரு மேல நின்னு மோந்துக்கிட்டு இருக்கு. அதனாலதான் நான் கூப்பிட்டதுக்குப் பதிலில்ல. செத்த மாதிரி மூச்சைப் பிடிச்சுக் கெடக்காரு. எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? ஒரு இருமல் வந்தா? ஆம்பளைங்களைக் கூப்பிட ஓடுனா வர்றதுக்கு அரை மணி நேரம்.

மதினி புடவையை இழுத்துச் செருகுனா, காலை அகட்டி நின்னா, பள்ளத்தைப் பார்த்து, புருசனைச் சோத்துக்குக் கூப்பிடுற அதே குரல்ல, "ஏங்க"ன்னா.

மோந்து பார்க்கிற சத்தம் நின்னுச்சு.

"ஏங்க, இங்க வாங்க"ன்னா.

கீழ கல்லு உருண்டுச்சு. செடி முறிஞ்சுச்சு. பனிக்குள்ள ஒரு கருப்பு வந்துச்சு, பெரிசாச்சு, இன்னும் பெரிசாச்சு. நான் அப்ப எங்க இருந்தேன்னு கேக்கறவ யாரு? மரத்து மேல இருந்தேன், எப்படி ஏறுனேன்னு அந்த மரத்தைக் கேளு. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, சத்தம்னா என்னன்னே மறந்துபோச்சு. விளிம்புல பனி கொஞ்சம் விலகியிருக்கு, மேல இருந்து பார்க்கிறேன், மதினிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. அது நிமிந்து நிக்குது, அவ தலைக்கு மேல அதோட தலை, அது விடுற மூச்சுல அவ நெத்தி மயிரு ஆடுது. குடுக்கிறதுக்கு அவ கையில ஒண்ணுமே இல்ல.

"உங்களைத்தான் கூப்பிட்டேன், இல்லேங்கல. கொஞ்சம் சும்மா இருங்க. நான் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கறேன்"னா.

அண்ணனுக்கு இப்ப எப்படித் தெரியும், அது தன்னை விட்டுப் போயிடுச்சுன்னு? கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கெடக்காரு. அவரு இருக்கிற எடம் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு குரலு குடுத்தாத்தான் உண்டு. மதினி வாயைத் திறந்தா. மூடுனா. திறந்தா. உள்ள இருந்து காத்துதான் வந்துச்சு, ரொம்ப நாளு தண்ணி வராத குழாயைத் திறந்தா வருமே, அந்த மாதிரி. கண்ணுல தண்ணி கொட்டுது. மரத்து மேல இருந்த எனக்கே அவ ஒன்பது வயசுப் பிள்ளையாத் தெரிஞ்சா, சவுக்கு மரம் விழுந்த எடத்துல நிக்கிற மாதிரி.

"தவசியாண்டி"ன்னா. அவ காதுக்கே கேட்டிருக்காது.

கரடி காதைத் திருப்புச்சு.

"தவசியாண்டி!"

பள்ளம் வாங்கிக்கிச்சு, ஒண்ணும் திருப்பிக் குடுக்கல. சொன்னதாலயே போயிட்டாரோன்னு அவ மூஞ்சி கருத்துப்போச்சு பாருங்க, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ரெண்டு கையையும் வயித்துல அமுக்கிக்கிட்டு, இருபத்தாறு வருசத்தையும் சேர்த்து ஒரே மூச்சுல கத்துனா. "அடேய் தவசியாண்டீ! செவிட்டு மூதி! நானும் சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன், இதுக்கு மேலயும் வாயைத் திறக்கலேன்னா நீ மனுசனாடா!"

பனிக்குள்ள இருந்து, நெதானமா, சொந்த வீட்டுத் திண்டுல சாஞ்சுக்கிட்டுப் பேசுற மாதிரி ஒரு குரலு வந்துச்சு.

"ஏ ராக்கு. நான் எப்ப செத்தேன்?"

பின்னால அவரே சொன்னாரு. என் குரலு கேட்டுச்சாம், பதில் சொன்னா அது கிழிச்சுடும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டாராம். பொண்டாட்டி வாயில இருந்து தன் பேரு வந்ததும், சரி, முடிஞ்சுபோச்சு, பொணத்தைத்தான் கூப்பிடுறா, இல்லேன்னா இவ இந்தப் பேரைச் சொல்லவே மாட்டாளேன்னு நெனச்சாராம். செத்ததுக்கப்புறம் எதுக்கு மூச்சைப் பிடிக்கணும்னு வாயைத் திறந்துட்டாராம்.

குரலு வந்த பக்கம் அது ஒரு தடவை பார்த்துச்சு. மதினி வாயை ஒரு தடவை பார்த்துச்சு. நாலு காலையும் ஊனி, அவ இடுப்பை உரசிக்கிட்டு, ஒண்ணும் வாங்காம சோலைக்குள்ள போயிடுச்சு. யாரும் அதைப் போகவும் சொல்லல, போயிட்டு வரவும் சொல்லல. அதுக்கப்புறம் எந்தப் பேருக்கும் அது வந்ததில்ல. வருது, நாவப்பழத்துக்கு வருது, கரையான் புத்துக்கு வருது, கூப்பிட்டாங்கன்னு வர்றதில்ல. கீதாம்மா ஏன் ஏன்னு நோட்டைத் தூக்கிக்கிட்டு மதினி பின்னாலயே அலைஞ்சாங்க. "எனக்கு என்னம்மா தெரியும், எனக்கு அன்னைக்கு வேற ஆளைக் கூப்பிடுற வேலை இருந்துச்சு"ன்னுட்டா.

அண்ணனுக்குக் கணுக்கால்ல முறிவு, மாவுக்கட்டு போட்டாங்க. எட்டு நாளு மதினி தூங்கல. அவ ஆத்தா கணக்குக்கு ஒரு வாரம், அதுக்கு மேல ஒரு நாளு. அவரு இருமுனா இவ எந்திரிப்பா, அவரு தும்முனா சாமிக்குக் காசு முடிஞ்சு வைப்பா, வீட்டுப் பக்கத்துல இருந்த மரத்துல கொப்பெல்லாம் ஆள வச்சு வெட்டிட்டா. ஒன்பதாம் நாளு காலையில அண்ணன் ரெண்டு தட்டுச் சோறு தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டு, "ஏ ராக்கு, அன்னைக்கு அவசரத்துல சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு"ன்னாரு. மதினி கரண்டியை எடுத்து வீசுனா. கரண்டி சுவத்துல பட்டு விழுந்துச்சு. வீசிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு, அடுப்பைப் பார்த்துச் சொன்னா. நான் பக்கத்து வீடு, சுவத்துல காதை வச்சிருந்தேன், எனக்குக் கேட்டுச்சு.

கதை அவ்வளவுதான். எங்கடி கூடையைத் தூக்குறீங்க? தொண்டைத்தண்ணி வத்தக் கத்தியிருக்கேன், கூலியை வச்சிட்டுப் போங்க. இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தியும் வீட்டுக்காரன் பேரை ஒரு தடவை சத்தமாச் சொல்லணும், அந்த ஓரத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிற ஆம்பளைங்களும் அவளே இவளேங்காம பொண்டாட்டி பேரைச் சொல்லணும். வாய் வரலேன்னா விட்டுடறேன், அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு வர்க்கியும் சூடா ஒரு டீயும், சக்கரை தூக்கலா. ம், மொதல்ல யாரு? ஏய், மஞ்சத் துண்டு, உன்னைத்தான்.